மேஜர்கிட்ட சொல்லாத வரைக்கும்

வா அம்மணி, வா. கேட்டைச் சாத்திட்டு வா. அங்கேயே நின்னா எப்படி? நாய்க்குப் பயப்படாதே, அவன் ஒண்ணும் பண்ணமாட்டான். உள்ள வர்றவங்களை மேஜர் கண்டுக்கவே மாட்டான். பிச்சைக்காரன் வந்தாலும் சரி, கலெக்டர் வந்தாலும் சரி, படுத்த இடத்துல இருந்து ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான், மறுபடி மூடிக்குவான். வெளிய போறதுக்குத்தான் அவன்கிட்ட கேட்கணும். அதை அப்புறம் சொல்றேன். உக்காரு.

அந்தச் சேர்ல வேண்டாம், அது எங்க வீட்டுக்காரர் சேரு. அவர் போய்ச் சேர்ந்தாச்சு, இருந்தாலும் சேரு அவரோடதுதானே? தூணோரமா கீழ உக்காரு. சில்லுன்னு இருக்கும்.

பூங்கொடின்னு மளிகைக்கடைக்காரர் சொன்னாரு. புருசன் இல்லை, ஒரு பொண்ணு மட்டும்னாரு. இதுதானா? பேரென்ன பாப்பா? இனியாவா? நல்லா வெக்கிறீங்க பேரு. முன்னாடி இங்க இருந்தவ பொண்ணு தனுஸ்ரீ. கூப்பிட்டா ஏதோ ஜமீன் வீட்டுப் பொண்ணைக் கூப்பிடற மாதிரி இருக்கும். வந்து நிக்கறது மூக்கு ஒழுகிட்டு நிக்கும்.

முதல்ல இந்தக் கவுனைப் பாப்பாவுக்குப் போட்டு விடு. என் பேத்தி மிஹிரா போட்டது, போன தடவை வந்தப்ப விட்டுட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை ஒரு வேலைக்கு வேணும், அளவு பார்க்கணும். அட, போட்டு விடுன்னா. காசுக்கா கேட்கறேன்? சும்மாதான் குடுக்கறேன், நீயே வெச்சுக்கோ. அந்தப் பழைய சட்டையைச் சுருட்டி உன் பையில போடு. பொத்தான் பின்னால இருக்கு பாரு. ம். கொஞ்சம் பெருசுதான், பரவால்ல. பாரு, இப்பத்தான் பார்க்க ஒரு குழந்தை மாதிரி இருக்கா.

வழி யாருகிட்ட கேட்ட? இஸ்திரி வண்டிக்காரன்கிட்டயா? அப்ப சொல்லியிருப்பானே. அந்த வீடா, நாய் கடிச்ச வீடான்னு கேட்டிருப்பானே. அவனுக்கு வேற வேலை என்ன? நீ முழிக்கிற முழியிலயே தெரியுது, சொல்லியிருக்கான். சரி, எங்கிட்டயும் கேட்டுக்கோ. நான் ஒளிச்சு மறைச்சுப் பேசறவ இல்லை. நடந்தது என்னன்னு கேட்டுட்டு நீயே சொல்லு, மேஜர் மேல என்ன தப்புன்னு.

இந்த வீட்டுல நாயே கிடையாது முன்னாடி. ருக்குமணின்னு ஒருத்தி வேலைக்கு இருந்தா. என் பொண்ணு சுகன்யா கைக்குழந்தையா இருந்தப்ப வந்தவ. அவளைத் தூக்கி வளர்த்தவளே அவதான்னு வெச்சுக்கோயேன். ஒரு நாள் சாமி ரூம்ல இருந்த வெள்ளிச் சிமிழைக் காணோம். எங்க அம்மா எனக்குக் குடுத்தது. வீட்டுல இருக்கறது நாங்க ரெண்டு பேரு, அப்புறம் அவ. நாங்க எடுக்கலைன்னா யாரு எடுத்திருப்பா? மாரியம்மன் கோயிலுக்கு வாங்க, சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்னு அழுதா. சூடம் அணைச்சா சிமிழ் வந்துடுமா? எங்க வீட்டுக்காரர் ஸ்டேசனுக்கே போயிட்டாரு. அவங்க ரெண்டு நாள் கூப்பிட்டு விசாரிச்சு அனுப்பிட்டாங்க. அதோட அவ இந்தத் தெருப் பக்கமே வரலை.

அப்புறம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கறப்ப சாமி அலமாரியை நகர்த்தினாங்க. சிமிழ் அதுக்குப் பின்னாடி கிடந்துச்சு. அதுக்கு என்ன பண்றது? அன்னிக்கு அவ எடுக்கலை, சரி. இன்னொரு நாள் எடுத்திருக்க மாட்டாளா? எப்படியும் அவளுக்கு வயசாயிடுச்சு, பாத்திரம் சரியா தேய்க்கறதில்லை. அவகிட்டப் போய்ச் சொல்லலாம்னு சுகன்யா சொன்னா. சொல்லி என்ன ஆகப்போகுது, அந்த அம்மாவுக்கு மனசு கஷ்டம்தான் ஆகும்னு நான்தான் விட்டுட்டேன்.

ஆனா சிமிழ் காணாமப் போனப்பவே எங்க வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. இனிமே இந்த வீட்டுப் பொருள் ஒண்ணு வெளிய போறதுன்னா நமக்குத் தெரியாம போகக்கூடாதுன்னு. அதுக்காக வாங்கினதுதான் இவனை. ராட்வைலர். அசல் ஜாதி, பேப்பரோட வந்தான். பிறந்ததுமே வாலை நறுக்கிட்டாங்க. உள்ளங்கை ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா அதுக்குள்ள அடங்கற குட்டி. இப்ப பாரு, கன்னுக்குட்டி கணக்கா. இவன் வந்த அதே மாசம்தான் கோகிலா வந்தா, தனுஸ்ரீயைக் கையில பிடிச்சுட்டு. அவளுக்கும் புருசன் இல்லை. எனக்கு வர்றதெல்லாம் அப்படித்தான் வருது.

பொள்ளாச்சிப் பக்கம் இருந்து ஒரு மாஸ்டர் வந்து இவனைப் பழக்கினாரு. உக்காரு, படு, அதெல்லாம் எல்லா நாயும் பண்ணும். இவனுக்கு ஒரு தனி வித்தை. இந்த வீட்டுப் பொருளை எடுத்துட்டு வெளியாளு யாரும் இந்தப் போர்டிகோ படியைத் தாண்டக்கூடாது. தாண்டினா எந்திரிச்சு முன்னாடி வந்து நிப்பான். பொருளைக் கீழ வெச்சுட்டா பேசாம போயிடுவான். வெக்கலைன்னா கையைப் பிடிச்சு நிறுத்துவான். நான் வந்து, "மேஜர், குடுத்தாச்சு"ன்னு சொல்லணும். என் குரல்ல சொல்லணும். வேற யாரு சொன்னாலும் எடுபடாது. மாஸ்டரே சொல்லிப் பார்த்தாரு, இவன் அவரையே முறைச்சான். குடுத்தாச்சுன்னு நான் சொன்னா போதும், வாலு இருக்கிற இடத்தை ஆட்டிட்டுப் போய்ப் படுத்துக்குவான்.

நீ பார்க்கணுமே அந்தக் கூத்தை. கேஸ்காரன் காலி சிலிண்டரைத் தோள்ல வெச்சுட்டு, "அம்மா சொல்லுங்கம்மா, அம்மா சொல்லுங்கம்மா"ன்னு கத்துவான். நான் பூஜையில இருப்பேன். பாதியில எந்திரிச்சு வர முடியுமா? முடிச்சுட்டு நிதானமா வந்து சொல்லுவேன். அதுவரைக்கும் சிலை மாதிரி நிப்பான், வேர்த்து ஊத்தும். கீழ வெச்சா மறுபடி தூக்கணுமே, அதுக்குச் சோம்பேறித்தனம். உன் இஸ்திரிக்காரன் இருக்கானே, அவன் இப்ப வீட்டுக்குள்ளயே வர்றதில்லை. துணியை நான்தான் கேட்டுக்கு வெளிய கொண்டுபோய்க் குடுக்கணும். அந்தக் கோபம்தான் அவனுக்கு.

சிரிக்காத, இன்னொண்ணு கேளு. என் சம்பந்தியம்மா ஒரு நாள் வந்தாங்க. திரும்பறப்ப மழை தூறுச்சு, என் சால்வையை எடுத்துப் போர்த்தி விட்டேன். படியில கால் வெச்சதும் இவன் வந்து நின்னுட்டான். கையில இருக்கறது மட்டும் இல்லை, மேல போட்டிருக்கறதும் அதே கணக்குதான். வாசம்தானே அவனுக்கு? அந்தம்மா கல்யாணத்துல என்னை என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா? பந்தியில அப்பளம் பத்தலைன்னு ஊரைக் கூட்டினவங்க. நான் மாடியில செருப்பு தேடற மாதிரி கொஞ்ச நேரம் தேடிட்டு மெதுவா இறங்கி வந்து சொன்னேன். அதுக்கப்புறம் எங்கிட்ட மரியாதையாத்தான் பேசறாங்க.

கடைசி நாள் மாஸ்டர் கிளம்பறப்ப ஒரு வார்த்தை சொன்னாரு. "அம்மா, குழந்தைங்க இருக்கிற வீடா இருந்தா நான் இந்த வித்தையைக் கத்துக்குடுக்கவே மாட்டேன். பெரியவங்க பயந்துட்டு நிப்பாங்க, பொருளைக் கீழ போடுவாங்க. குழந்தைக்கு அது தெரியாது, கையை இழுக்கும். இழுத்தா இவன் இறுக்குவான். உங்க வீட்டுல குழந்தை இல்லையே"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். உண்மைதானே? தனுஸ்ரீ அப்ப பின்னாடி குழாயடியில தட்டுக் கழுவிட்டு இருந்தா. அவர் கேட்டது இந்த வீட்டுக் குழந்தையைத்தானே?

ஆனா ஒண்ணு சொல்லணும். அவளும் இவனும் ஒண்ணா வளர்ந்தாங்க. இவன் முதுகுல ஏறிப் படுத்துக்குவா. வாய்க்குள்ள கையை விட்டுப் பல்லை எண்ணுவா. அவ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு இவன் வாசல் கேட்டுப் பக்கம் போய் உக்காந்துக்குவான். ஒரு நாள் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு தலை வெச்சுத் தூங்குச்சு, போட்டோ எடுத்து எங்க நாய் வளர்க்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். "ஆபத்தான நாய் என்று யார் சொன்னது?"ன்னு மேல எழுதினேன். அத்தனை பேரும் ஹார்ட் படம் போட்டாங்க. ஒருத்தி பெங்களூர்ல இருந்து கேட்டா, உங்க பேத்தியான்னு. வேலைக்காரி பொண்ணுன்னு எழுத எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன்.

சுகன்யாவுக்கும் அதே போட்டோவை அனுப்பினேன். அவ மெல்போர்ன்ல இருக்கா. "நாயை அனுப்பாம நான் மிஹிராவைக் கூட்டிட்டு அங்க வரமாட்டேன்"னு அடம்பிடிச்சுட்டு இருந்தா அப்ப. பாரு, ஒரு குழந்தை எவ்வளவு தைரியமா படுத்திருக்குன்னு அனுப்பினேன். "அம்மா, அது வேற, மிஹிரா வேற"ன்னு பதில் வந்துச்சு. அவ சொல்றதும் நியாயம்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்க தெருச் சங்கத்துல பேச்சைக் கிளப்பினாங்க. ஞானசேகரன்னு செயலாளர். பேங்க்ல ரிட்டையர் ஆனவரு, வீட்டுல பொழுது போகலை. ராட்வைலர் எல்லாம் கொல்ற ஜாதி, குழந்தைங்க விளையாடற தெருவுல வெக்கக்கூடாது, மனு குடுக்கணும்னு ஆரம்பிச்சாரு. நான் விடுவேனா? கூட்டத்துக்கு மேஜரைக் கூட்டிட்டுப் போனேன். தனுஸ்ரீக்கு மிஹிராவோட கவுன் ஒண்ணைப் போட்டு, தலை சீவி, அவளையும் கூட்டிட்டுப் போனேன். அத்தனை பேர் முன்னாடி அவ இவன் கழுத்தைக் கட்டிட்டு உக்காந்தா. நான் எந்திரிச்சு நின்னு பேசினேன். "ஜாதியை வெச்சு ஒரு உயிரோட குணத்தை முடிவு பண்ணலாமா? எங்க பிறந்துதுன்னா பார்க்கறது? வளர்ப்பைப் பாருங்க"ன்னு. கை தட்டினாங்க அம்மணி. ஞானசேகரன் சம்சாரமே கை தட்டினா. மனு அதோட போச்சு.

கூட்டம் முடிஞ்சு காபி குடுத்தாங்க. தனுஸ்ரீ டம்ளர் எடுக்கப் போனா. நான்தான் கையைத் தட்டி விட்டு, பேப்பர் கப்புல வாங்கிக்கோன்னேன். பழக்கம் விட்டுடக்கூடாது பாரு.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு மனசு அப்படியே நிறைஞ்சு கிடந்துச்சு. ஹால்ல ஷோகேஸ்ல ஒரு பொம்மை இருக்கு, நீல கவுன் போட்டது, சாய்ச்சா கண்ணை மூடிக்கும். மிஹிரா விட்டுட்டுப் போனது. தனுஸ்ரீ ஹாலைத் தாண்டிப் போறப்பல்லாம் அதைப் பார்ப்பா. கேட்கமாட்டா. பார்ப்பா, அவ்வளவுதான். அதை எடுத்து அவ கையில குடுத்தேன். "வெச்சுக்கோடி, இன்னிக்கு மேஜரைக் காப்பாத்திக் குடுத்ததே நீதான்"னேன். நம்பவே இல்லை. "எனக்கா? நிசமா எனக்கா ஆயா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. உனக்குத்தான், போய் உங்க அம்மாகிட்டக் காட்டுன்னேன்.

அந்த நேரம் சுகன்யா வீடியோல கூப்பிட்டா. மிஹிரா பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட பாட்டைப் பாடப்போறாளாம். தமிழ்ல பாடறா! அங்க பிறந்த குழந்தை! நான் ரூமுக்குள்ள போய் உக்காந்துட்டேன்.

தனுஸ்ரீ பின்வாசல் வழியாப் போயிருந்தா ஒண்ணுமே இல்லை. அது மேஜர் எல்லை இல்லை. ஆனா கோகிலா பின்பக்கம் தரை துடைச்சுட்டு இருந்தா. ஈரத்துல கால் வெக்காதேன்னு நான்தான் எப்பவும் திட்டுவேன். அதனால சொன்ன பேச்சைக் கேட்டு, வெளிய சுத்தி அவ அம்மாகிட்டப் போகலாம்னு முன்பக்கமா வந்திருக்கா. பொம்மையோட படியில இறங்கியிருக்கா. இவன் எந்திரிச்சு வந்து நின்னிருக்கான்.

வேற யாராவதா இருந்தா நின்னிருப்பாங்க. கேஸ்காரன் நிக்கலையா? ஒரு பொருளைக் கீழ வெக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவ என்ன பண்ணியிருக்கா, தள்ளுடா மேஜர்னு இவன் தலையைத் தள்ளியிருக்கா. விளையாட்டுன்னு நினைப்பு. இவன் கையைப் பிடிச்சான். பிடிச்சுத்தான் நிறுத்தினான் அம்மணி, கடிக்கலை. பிடிக்கறதுக்கும் கடிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இவ பொம்மையைக் கீழ போட்டாளா? நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இழுத்திருக்கா. மாஸ்டர் என்ன சொன்னாரு? இழுத்தா இறுக்குவான்.

கோகிலா ஓடி வந்து என் ரூம் கதவைத் தட்டினா. "அம்மா, சொல்லுங்க! ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா!"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டுல தினமும் யாராவது ஒருத்தர் சொல்லுங்கம்மா, சொல்லுங்கம்மான்னு நிக்கறாங்க. இருடீ வர்றேன்னு கையைக் காட்டினேன். மிஹிரா பாதிப் பாட்டுல இருக்கா. நடுவுல எந்திரிச்சா அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்? பாட்டு முடிஞ்சுது. கை தட்டினேன், முத்தம் குடுத்தேன். மிஹிராவே கேட்டா, "பாட்டி, அங்க யாரு கத்தறாங்க?"ன்னு. பக்கத்து வீட்டு டி.வி.ன்னு சொன்னேன். குழந்தையைப் பயமுறுத்தக்கூடாதில்லையா?

வெளிய வந்து, "மேஜர், குடுத்தாச்சு"ன்னேன். சொல்லி வாயை மூடலை, விட்டுட்டான். அந்த நொடியே. ஓடி வந்த தெருக்காரங்க அவ்வளவு பேரும் விளக்குமாத்தால அடிச்சும், தண்ணி ஊத்தியும் விடாதவன், என் ஒரு வார்த்தைக்கு விட்டான். போய்ப் படுத்துக்கிட்டான். அதுக்குப் பேருதான் வளர்ப்பு. ஞானசேகரனே நின்னு பார்த்தாரு.

வலது கை. விரல் மடங்காதுன்னு டாக்டர் சொன்னாராம். இப்பக் கோகிலா திருப்பூர்ல பனியன் கம்பெனியில பிசிறு வெட்டறாளாம், பொண்ணு இடது கையால எழுதப் பழகுதாம். பழகட்டும். எழுதறதுக்கு ஒரு கை போதாதா?

ஏன் அம்மணி, வேர்க்குது உனக்கு? ஃபேனைப் போடட்டா?

போலீஸ் வந்தாங்க. இவனைப் பிடிச்சுட்டுப் போய் ஊசி போட்டுடுவாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, எனக்கு உசுரே இல்லை. பெத்த பிள்ளை மாதிரி வளர்த்திருக்கேன். அவர் போனப்புறம் எனக்கு யாரு இருக்கா? பொண்ணு கடல் தாண்டி இருக்கா. இந்த வீட்டுல மூச்சு விடற சத்தம்னா அது இவனோடதுதான். அந்த நிலைமையை நினைச்சுப் பாரு. தனுஸ்ரீ ஆஸ்பத்திரியில இருந்தா. நான் நேரா அங்க போனேன். கோகிலாகிட்ட நல்ல மாதிரியாத்தான் பேசினேன். ஆஸ்பத்திரிச் செலவு பூரா என்னோடது, நீ கவலையே படாதே, ஆனா நடந்ததை நடந்த மாதிரி சொல்லிடு, உன் பொண்ணு கேட்காம எடுத்துட்டுப் போனா, நாய் தடுத்துச்சுன்னு சொல்லிடுன்னேன்.

அவ என் முகத்தையே பார்த்தா. "நீங்கதானேம்மா குடுத்தீங்க?"ன்னா.

நான் சொன்னேன். "கோகிலா, கையில குடுத்தா குடுத்ததா ஆயிடுமா? நான் மேஜர்கிட்ட சொன்னேனா? சொல்லலையே? அவன்கிட்ட சொல்லாத வரைக்கும் அது இந்த வீட்டுப் பொருள்தான். இது உனக்குத் தெரியாதா, இத்தனை வருசமா இங்க இருக்க?"ன்னேன். குனிஞ்சு பொண்ணு போர்வையைச் சரி பண்ணினா. ஒரு ஞாயம்னா அப்படித்தான், பதில் பேச முடியாது.

அன்னிக்குச் சாயங்காலமே போலீஸ்கிட்ட சொல்லிட்டா. "எம் பொண்ணு கேட்காம எடுத்துட்டாங்க சார்"னு. அவ வாயால. சொல்லச் சொன்னது நான்தான், இல்லைங்கலை. ஆனா சொன்னது அவதானே? பொய்யா இருந்தா ஒரு பெத்தவ அப்படிச் சொல்லுவாளா? எனக்கே அப்பத்தான் ஒரு சந்தேகம் வந்துச்சு, நான் நிசமாவே குடுத்தேனா, இல்லை அவளா எடுத்தாளான்னு. போலீஸ்காரர் அந்தப் பொண்ணுகிட்டயும் குனிஞ்சு கேட்டாரு, பொம்மையை யாரும்மா குடுத்தான்னு. அவ அம்மா முகத்தைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டு, "திருடிட்டேன்"ன்னா. அந்த வார்த்தையை யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலை. நான் சொல்லிக் குடுக்கலை.

அதோட முடிஞ்சுது. நாய் அதோட கடமையைச் செஞ்சிருக்குன்னு சங்கத்துலயும் சொல்லிட்டாங்க. தெருவுல வேலைக்காரங்களை வெச்சிருக்கிற நாலு வீட்டுல எங்கிட்ட மாஸ்டரோட நம்பர் கேட்டாங்கன்னா பார்த்துக்கோயேன்.

பொம்மை உள்ளதான் இருக்கு. ஷோகேஸ்ல. கவுன்ல பட்டது போகவே இல்லை, நானே வேற துணியில தைச்சுப் போட்டேன். கோகிலா பெட்டியைக் கட்டிட்டுப் போறப்ப அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எவ்வளவு திமிரு பாரு! ஆசையா குடுத்த பொருளு.

அது கிடக்கட்டும். இப்ப நம்ம விசயத்துக்கு வா.

சுகன்யா அடுத்த மாசம் வர்றா, மிஹிராவோட. நாயை அனுப்பினாத்தான் வருவேன்னா. அனுப்ப முடியாதுன்னேன். அழுது சண்டை போட்டு ஒரு வழிக்கு வந்திருக்கோம். அவங்க இருக்கிற வரைக்கும் மேஜர் பின்பக்கம் இருப்பான். நடுவுல கம்பி வேலி போட்டு கேட்டு வெச்சாச்சு. மிஹிரா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பின்ன? குழந்தை இருக்கிற இடத்துல இந்த மாதிரி நாயை விடலாமா? என்னதான் பழக்கினாலும் மிருகம் மிருகம்தான் அம்மணி. எந்த நேரம் என்ன பண்ணும்னு யாரு கண்டா? என் பேத்தி விசயத்துல நான் துளியும் துணிய மாட்டேன்.

உங்க ரூம் பின்னாடிதான். மேஜரைக் கட்டப்போற இடத்துக்கு அடுத்த சுவரு. கதவு மட்டும் சரியா சாத்தறதில்லை, மரம் உப்பிப்போச்சு. மழை விட்டதும் ஆசாரியைக் கூப்பிடறேன். ராத்திரி அவிழ்த்துத்தான் விடுவேன், கட்டியே போட்டா அவனுக்கு மனசு ஒடிஞ்சு போயிடும். உனக்கும் காவலாச்சு. உன் பொண்ணும் அவனுக்குப் பேச்சுத் துணையா இருப்பா. கோகிலா பொண்ணு போனதுல இருந்து சாயங்காலமானா வாசல் கேட்டுப் பக்கம் போய் உக்காந்துக்கறான். பார்க்கவே எனக்கு வயிறு எரியுது.

ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம். ஞானசேகரன் திரும்ப ஆரம்பிச்சுட்டாரு. எங்கேயோ ஒரு நாய் எதையோ கடிச்சுதாம், டி.வி.யில காட்டினாங்களாம். அதுக்குத்தான் இந்தக் கவுனு. இனியா இவன் பக்கத்துல சும்மா உக்காந்தா போதும். கழுத்தைக் கட்டிக்கணும்னுகூட இல்லை, முதல் நாளே எப்படி. கை மட்டும் தலை மேல இருந்தா போட்டோ நல்லா வரும்.

எந்திரிச்சுட்டியா? இன்னும் சம்பளம் பேசவே இல்லையே.

யோசிச்சுட்டு சொல்றியா? இதுல யோசிக்க என்ன இருக்கு? வேற வீடு வெச்சிருக்கியா? மளிகைக்கடைக்காரர் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு, வாடகை குடுக்கலைன்னு அந்த வீட்டு ஓனர் சாமானை வெளிய எடுத்துப் போட்டுட்டான், இப்ப அக்கா வீட்டு வராந்தாவுல படுக்கறன்னு. வராந்தாவுல படுக்கறவளுக்கு ரூமு குடுக்கறேன். யோசிக்கறாளாம்.

சரி, போயிட்டு வா. உன் இஷ்டம்.

இரு. இரு அம்மணி, படியில இறங்காதே. பாப்பா போட்டிருக்கற கவுனு. எந்திரிச்சுட்டான் பாரு.

கத்தாதே. அவன் உறுமலை, கேட்கறான். எங்கிட்டத்தான் கேட்கறான், என்னைத்தான் பார்க்கறான் பாரு. எவ்வளவு அறிவு! கழட்டாதே, கழட்டாதே. இப்ப அவன் மூஞ்சிக்கு முன்னாடி கையைத் தூக்கி அதை உருவினா, பிடுங்கற மாதிரி இருக்கும் அவனுக்கு. தூக்கவும் தூக்காதே. அப்படியே நில்லு. பாப்பா, சாமி, அழக்கூடாது. அழுதா அவனுக்குப் பிடிக்காது. கையை மட்டும் இழுக்காம இரு.

ஆமா, நான் குடுத்ததுதான். யாரு இல்லைன்னா? சொல்றேன். ஒரு வார்த்தை, அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நீ முதல்ல உன் வார்த்தையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை காலையில பெட்டியோட வந்துடுவதானே?

தலையை ஆட்டினா எப்படி? வாயைத் திறந்து சொல்லு அம்மணி. அவனுக்கும் கேட்கட்டும்.